பி.எட். போட முடியுமா, சார்?

கலைக் கல்லூரியில் பிளேஸ்மென்ட் ஆபீசர் என்று தனிப் பதவி கிடையாது. வேதியியலோ வணிகவியலோ நடத்திக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டு, “நீங்கதான் கம்பெனிக்காரங்ககிட்ட நல்லாப் பேசுறீங்களே, இதையும் பாத்துக்குங்க” என்று முதல்வர் சொல்லிவிடுவார். பொறியியல் கல்லூரியில் அதற்கென்று அறை, ஆள், பட்ஜெட் எல்லாம் உண்டு. எங்களுக்கு ஒரு பீரோவும் ஒரு மெயில் ஐடியும்தான். கடலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியராக இருந்த எனக்கு அந்தப் பொறுப்பு அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஓய்வு பெறும்வரை விடவில்லை.

அந்த வேலை என்னை மாவட்டம் முழுக்க அலைய வைத்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் முதுநகரைத் தாண்டியதும் சிப்காட். 1980களில் வந்த தொழிற்பேட்டை. மருந்து மூலப்பொருள், சாயம், பூச்சிமருந்து என்று ரசாயன ஆலைகள். மேற்கே நெய்வேலியில் 1956 முதல் நிலக்கரி நிறுவனம். பண்ருட்டியில் முந்திரியும் பலாவும். தெற்கே பரங்கிப்பேட்டையில் மீனும் இறாலும், அங்கேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும். சிதம்பரத்தில் அந்தப் பல்கலைக்கழகமே ஒரு பெரிய ஊர். கட்டுமானம் நடந்துகொண்டிருந்த நாகார்ஜுனா எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் வந்துவிடும் என்று எல்லாரும் கணக்குப் போட்டிருந்தோம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அதைச் சாய்த்துவிட்டுப் போனது. அது போனாலும், வேலையே இல்லாத மாவட்டம் என்று இதைச் சொல்ல முடியாது.

தொழில் அமைப்புகள் கூட்டும் கூட்டங்களில், “பிள்ளைங்ககிட்ட திறன் இல்ல சார்” என்று ஒரே பல்லவி. அதில் உண்மை உண்டு. ஒரு மருந்து மூலப்பொருள் ஆலையின் க்யூ.சி. லேபில் நான் நேரில் பார்த்தது இது. எங்கள் மாணவன் ஒருவன் பதிவேட்டில் ஒரு எண்ணைத் தவறாக எழுதிவிட்டான். உடனே அதன் மேலேயே அழுத்தி எழுதித் திருத்தினான். மேற்பார்வையாளர் முகம் மாறிவிட்டது. அங்கே அப்படித் திருத்தக் கூடாது. தவறான எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும். நாங்களோ மூன்று வருஷமாக ரெக்கார்டு நோட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல், வெள்ளைப் பூச்சு தடவியாவது பளிச்சென்று கொண்டுவரச் சொல்லியே பழக்கியிருந்தோம். இந்த மாதிரிக் குறையைப் பதினைந்து நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். அந்தப் பையனும் கற்றுக்கொண்டான்.

சொல்லிக் கொடுத்துத் தீர்க்க முடியாத தடைகள் வேறு இடத்தில் இருந்தன. திறனைக் கற்றுக்கொண்டு வந்து நின்ற பிள்ளைகள் விதிகளில் மோதி நின்றதை வருஷா வருஷம் பார்த்தேன். அந்த விதிகளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

2013 டிசம்பர் கடைசியில் மத்திய அரசு தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை அறிவித்தது. இரண்டே மாதத்தில், 2014 பிப்ரவரியில், பல்கலைக்கழக மானியக் குழு ‘பி.வோக்.’ பட்டத்துக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. மூன்று வருஷப் படிப்பு. வருஷத்துக்கு 60 கிரெடிட். அதில் 36 தொழில் திறனுக்கு, 24 பொதுக் கல்விக்கு. முதல் வருஷத்தோடு நின்றால் டிப்ளமோ, இரண்டாம் வருஷத்தோடு நின்றால் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றையும் முடித்தால் பட்டம். குடும்பச் சூழ்நிலையால் பாதியில் நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்த எங்களுக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது. முந்திரியும் பலாவும் மீனும் இருக்கிற மாவட்டம் என்பதால் உணவு பதப்படுத்துதலை எடுத்தோம்.

அட்மிஷன் மேசையில் உட்கார்ந்ததும் பெற்றோர் கேட்ட முதல் கேள்வி, “இதை முடிச்சா பி.எட். போட முடியுமா, சார்?” ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். உணவு பதப்படுத்தும் படிப்புக்கும் வாத்தியார் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அப்பா கேட்டது வேறு. இந்தப் பட்டத்தின் பெயர் அடுத்த வாசலில் செல்லுமா, செல்லாதா என்றுதான் கேட்டார். பி.எட். சேர்க்கைக்கு எந்தெந்தப் பட்டம் தகுதி, எது எதற்கு இணை என்று அரசாணை எண்களோடு பட்டியல் உண்டு. புதுப் பெயரில் வரும் பட்டத்துக்கு, இணை என்று ஆணை வராதவரை, அதில் இடமில்லை. எம்.எஸ்சி. சேர்க்கையிலும் அதே கதை.

ஆசிரியர் வேலை போகட்டும். படித்த துறையிலேயே அரசு வேலைக்கு வருவோம். உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவிக்கான தகுதியை 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. உணவுத் தொழில்நுட்பம், பால் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், எண்ணெய்த் தொழில்நுட்பம், வேளாண் அறிவியல், கால்நடை அறிவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றில் பட்டம், வேதியியலில் முதுகலை, மருத்துவப் பட்டம். இவை தவிர, மத்திய அரசு இணை என்று அறிவிக்கும் தகுதி. பட்டியலில் ‘உணவு பதப்படுத்துதல்’ என்ற பெயரே இல்லை.

பண்ருட்டிப் பக்கத்து மாணவி ஒருத்தி. வீட்டிலேயே முந்திரி உடைப்பு நடக்கும். கொட்டையை ஆவியில் வேகவைப்பது, ஓடு உடைப்பது, பருப்பை உலர்த்தித் தோல் உரிப்பது, முழுப்பருப்பு, பாதி, துண்டு என்று தரம் பிரிப்பது எல்லாம் கைப்பழக்கம். கூடவே எங்களிடம் ஈரப்பத அளவும் நுண்ணுயிர்ச் சோதனையும் படித்தாள். நுண்ணுயிரியல் பட்டம் வாங்கிய பெண்ணைவிட ஒரு முந்திரி ஆலைக்குள் இவளுக்கு நிச்சயமாக அதிகம் தெரியும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தவள், தகுதிப் பத்தியில் விரல் வைத்து, “இதுல நான் எங்க சார் வரேன்?” என்று கேட்டாள். எழுத்துப்படி அவள் எங்கேயும் வரவில்லை.

சரி, இணைத்தன்மை ஆணை வாங்கிவிடலாமே என்பீர்கள். அதற்கு ஒரு குழு இருக்கிறது. இரண்டு படிப்புகளின் பாடத்திட்டத்தையும் பாடம் பாடமாக ஒப்பிட்டு, ஒத்துப்போனால் இணை என்று சொல்லும். இங்கேதான் முடிச்சு. வழக்கமான பட்டம் மாதிரி இருக்கக் கூடாது, நூற்றுக்கு அறுபது பங்கு தொழில் திறனாக இருக்க வேண்டும் என்பது பி.வோக். நெறிமுறை. வழக்கமான பட்டத்தோடு ஒத்திருந்தால்தான் இணை என்பது இணைத்தன்மை நடைமுறை. முதல் விதிப்படி எவ்வளவு ஒழுங்காக நடக்கிறோமோ, அவ்வளவுக்கு இரண்டாவதில் தோற்போம்.

ஆணை வந்துவிட்டாலும் தேதி பார்ப்பார்கள். அரசுப் பணியாளர் தேர்வாணைய அறிவிக்கைகளில் ஒரு வரி இருக்கும்: இணைத்தகுதி கோருபவர்கள் அறிவிக்கை நாளுக்கு முன்பு வெளியான அரசாணையைக் காட்ட வேண்டும், பின்னால் வந்த ஆணை செல்லாது. தேர்வர்கள் அந்த வரியைச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகும்போதுதான் படிப்பார்கள். தேர்வு எழுதி, மதிப்பெண் வாங்கி, கோப்போடு போய் நிற்கும்போது அறிவிக்கை தேதிக்கும் ஆணை தேதிக்கும் நடுவே சில வாரம் இருந்தால் கதை முடிந்தது.

மானியக் குழு சும்மா இருந்ததாகச் சொல்ல மாட்டேன். பி.வோக். மற்ற இளநிலைப் பட்டங்களுக்குச் சமம், ‘ஏதேனும் ஒரு பட்டம்’ கேட்கும் போட்டித் தேர்வுகளுக்கெல்லாம் இது செல்லும் என்று தெளிவுபடுத்தியது. அதன்படி எங்கள் பிள்ளைகள் வங்கித் தேர்வு எழுதினார்கள், குரூப் 2 எழுதினார்கள், சிலர் தேறினார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள். எந்தத் துறைத் திறனும் கேட்காத வேலைக்கு இந்தத் திறன் பட்டம் செல்கிறது. அந்தத் திறனையே கேட்கும் வேலைக்குச் செல்லவில்லை.

தனியார் கம்பெனி விதி பார்க்காது, ஆளைப் பார்க்கும் என்று நினைப்போம். அங்கே விதியின் இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பெரிய உணவு நிறுவனத்தின் விண்ணப்பப் பக்கத்தில் பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம்., பி.இ., பி.டெக். எல்லாம் இருந்தன. பி.வோக். இல்லை. கடைசியில் ‘மற்றவை’ என்று ஒன்று. அதை அமுக்கினால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. எச்.ஆர். ஆபீசருக்குப் போன் போட்டேன். “பையன் நல்லாத்தான் இருக்கான் சார், சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது” என்றார்.

முதல் வருஷத்தில் நின்று டிப்ளமோ வாங்கியவர்கள் பாடு இன்னும் மோசம். தமிழ்நாட்டில் டிப்ளமோ என்றால் பாலிடெக்னிக். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கொடுக்கும் மூன்று வருஷப் படிப்பு. எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு வருஷ டிப்ளமோவை நீட்டினால், வாயிலில் இருக்கிற டைம் ஆபீஸ் ஆளே, “எந்த பாலிடெக்னிக்?” என்பார். பாதியில் நிற்பவர்களுக்காகக் கொடுத்த சான்றிதழை அவர்கள் வேலை தேடும் இடத்தில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இதற்கு நடுவே அளவுகோலும் மாறியது. பழைய நெறிமுறையில் பி.வோக். பட்டம் ஏழாம் நிலை. 2023இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பில் மூன்று வருஷப் பட்டம் எதுவானாலும் 5.5. கணக்கு முறை மாறியது, அவ்வளவுதான். ஆனால் வாட்ஸப்பில் அதைப் பார்த்த பழைய மாணவன் ஒருவன், “என் லெவலைக் குறைச்சிட்டாங்களா சார்?” என்று பதறினான். அவனுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு எச்.ஆர். ஆபீசருக்கும் யார் உட்கார்ந்து புரியவைப்பது?

பாடம் நடத்தும் ஆள் விஷயத்திலும் விதி குறுக்கே நின்றது. உணவு ஆலையில் நீராவிதான் உயிர். அதைச் சொல்லிக்கொடுக்க, பாய்லர் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரை அழைத்து வந்தேன். பத்தாவதும் இரண்டாம் வகுப்பு பாய்லர் சான்றிதழும்தான் அவர் படிப்பு. வகுப்புக்கு வந்ததும் கரும்பலகையைத் தொடவில்லை. பக்கத்து ஆலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், கேஜ் கிளாஸ் முன்னால் வரிசையாக நிறுத்தினார். “முதல்ல தண்ணி எங்க நிக்குதுன்னு பாரு. அது தெரியாம நெருப்பைத் தொடாத. கிளாஸ்ல தெரியுறது நிஜமான்னு டிரெய்ன் காக்கைத் திறந்து பாரு. தண்ணி இறங்கி மறுபடி ஏறணும். ஏறலைன்னா கிளாஸ் பொய் சொல்லுது.” எந்தப் புத்தகத்தில் படித்ததையும்விட அந்த வகுப்பு அவர்களுக்கு நன்றாக நினைவில் நின்றது.

தணிக்கையில் கேள்வி வந்தது: இவருடைய கல்வித் தகுதி என்ன? நெட் தேர்ச்சியா, செட் தேர்ச்சியா, முனைவர் பட்டமா? உதவிப் பேராசிரியர் தகுதி அதுதானே. கடைசியில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாக அனுமதி வாங்கி, ‘சிறப்புரை’ என்று பதிந்து, ஒரு சிறு தொகை கொடுத்தோம். 2022இல் மானியக் குழு ‘பயிற்சிப் பேராசிரியர்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. பட்டம் கட்டாயமில்லை என்றது, நல்ல விஷயம். ஆனால் குறைந்தது 15 ஆண்டு அனுபவம், அதுவும் மூத்த பொறுப்பில் இருந்தவராக இருந்தால் நல்லது, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடாது என்றும் சொன்னது. ஓய்வு பெற்ற ஜெனரல் மேனேஜருக்குப் பொருந்தும் விதி அது. கேஜ் கிளாஸைப் பார்க்கத் தெரிந்தவர் அதற்குள் வரமாட்டார்.

இன்னொரு தொல்லை இந்த மாவட்டத்துக்கே உரியது. கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரி 1964இல் தொடங்கியது. இந்த வட்டாரக் கல்லூரிகள் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2002இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தது, அதற்கு மாறின. 2021 தொடக்கத்தில் விழுப்புரத்தில் தனிப் பல்கலைக்கழகம் உருவானது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிக் கல்லூரிகள் சிதம்பரத்தோடு சேர்ந்தன. எங்கள் ஊர்ப் பிள்ளைக்குச் சிதம்பரம் பக்கம். வேலூருக்கு ஓடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பெயர் மாறும்போதெல்லாம் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் புதிதாக அமைய வேண்டும், பாடத்திட்டம் மறுபடி வர வேண்டும். ஒரே வீட்டில் அக்கா ஒரு பல்கலைக்கழகம், தம்பி இன்னொன்று. வெளிமாநிலக் கம்பெனி உண்மைத்தன்மைச் சான்று கேட்டால், எந்த ஊருக்கு எழுதுவது என்பதே முதல் கேள்வி.

1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதல் தொலைநிலைக் கல்வி நடத்தி, வேலை பார்த்துக்கொண்டே படிக்க வழி செய்தது. போலீஸ்காரர், ஆசிரியர், கிளார்க் என்று எத்தனையோ குடும்பங்கள் அதனால் ஒரு படி ஏறின. 2013இல் மாநில அரசு அதன் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 2022 மார்ச்சில் மானியக் குழு ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது: அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் என்று. யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. 2014-15க்குப் பிறகு சேர்ந்து படித்தவர்கள் கையில் சான்றிதழோடு பதவி உயர்வுக் கோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கீகரிக்கும் அமைப்பும் படிப்பு நடத்தும் அமைப்பும் வேறு வேறு பக்கம் பார்த்தால் நஷ்டம் மாணவனுக்குத்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எங்கள் மாவட்டத்தில் இல்லை.

அப்ரண்டிஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1961ஆம் ஆண்டுச் சட்டம். 1973 திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் உள்ளே வந்தார்கள். கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கு 2014 திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு நெய்வேலி என்.எல்.சி. போன்ற நிறுவனங்கள் பி.காம்., பி.சி.ஏ., வேதியியல் படித்தவர்களையும் ஓராண்டுப் பயிற்சிக்கு எடுத்தன. 2019இல் திருத்திய விதிப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று அந்த விதி அப்போது வைத்தது. மத்திய அரசின் பயிற்சித் திட்டத்தின் வழியே எடுத்தால் அதில் பாதியை அரசே திருப்பித் தரும்.

தாளில் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு சிறிய ஆலையின் மேனேஜரிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ரண்டிஸ்னா போர்ட்டல்ல ஏத்தணும், ஒப்பந்தம் போடணும், மாசாமாசம் கிளெய்ம் பண்ணணும் சார். கான்ட்ராக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நாளைக்குக் காலையில ஆள் வந்துடும்” என்றார். பையன்கள் பக்கமும் கணக்கு இருந்தது. ஒரகடத்தில் ஷிப்ட் வேலைக்குப் போன பிளஸ் டூ பையன் இதைவிடக் கூடுதலாக வாங்கினான். பயிற்சி முடிந்தால் வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பொதுத்துறை விளம்பரங்கள் பலவற்றில், ‘அப்ரண்டிஸ் காலம் அனுபவமாகக் கருதப்படாது’ என்று ஒரு வரி வேறு. அனுபவம் வேண்டும் என்று அனுப்பிய வருஷத்தை, அனுபவம் இல்லை என்று அரசு நிறுவனமே கழிக்கிறது.

2022 மார்ச் 1ஆம் தேதி மாநில அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. கலை, அறிவியல் கல்லூரிகளில் திறன் படிப்புகள் கிரெடிட்டோடு பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்தன. குறைகள் உண்டு. நேரம் போதாது, சில படிப்புகள் எங்கள் மாவட்டத்து வேலைக்கு ஒட்டாது, ஆன்லைனில் முடித்துவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தை அது சரியாகச் செய்தது: பட்டத்தின் பெயரைத் தொடவில்லை. வெளியே பி.எஸ்சி. வேதியியல் அப்படியே இருக்க, திறன் அதற்குள்ளே வந்தது. பி.எட். வாசலும் எம்.எஸ்சி. வாசலும் தேர்வாணைய வாசலும் மூடவில்லை. ‘திறன் பட்டம்’ என்று தனியாகப் பிரித்துவைத்ததில் இழந்ததெல்லாம் இதில் பத்திரமாக இருந்தது.

என் அனுபவத்தில் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் அல்ல. புதுப் பெயரில் படிப்பு தொடங்கியே ஆக வேண்டுமென்றால், அனுமதி ஆணையோடு சேர்த்தே இணைத்தன்மை ஆணையும் வர வேண்டும். பத்திரிகை அடித்துவிட்டு மாப்பிள்ளை தேடுகிற மாதிரி, முதல் அணி வெளியே வந்த பிறகு கோப்பைத் தொடங்கக் கூடாது. இணை பார்க்கும் குழு பாடத்தின் பெயரை ஒப்பிடாமல், அந்தப் பதவிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். அப்ரண்டிஸ் வருஷத்தை அரசுத் துறைகளாவது அனுபவமாக ஏற்க வேண்டும். இதில் எதற்கும் தனி நிதி ஒதுக்க வேண்டியதில்லை. டெல்லியிலும் சென்னையிலும் இருக்கிற நாலு அலுவலகங்கள் ஒருவர் விதியை மற்றவர் படித்தால் போதும்.

அதுவரை, பிள்ளையைச் சேர்க்கப் போகிற பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். இந்தப் பட்டத்துக்கு மேல் என்ன படிக்கலாம், எந்த அரசுப் பதவிக்கு இது தகுதி, எதற்கு இணை என்று அட்மிஷன் மேசையிலேயே கேளுங்கள். “எல்லாம் செல்லும்” என்று வாயால் சொன்னால் எழுந்துவிடாதீர்கள். அரசாணை எண்ணைக் கேளுங்கள், கூடவே தேதியையும்.